முதல் மாநாட்டுக்கு எத்தனை பேரைக் கூப்பிடுவது?

வாசகர் கடிதம்: நாங்கள் 22 பேர். நான்கு வருடமாக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, அறிவியல் புனைவும் மிகுபுனைவும் (ஃபேன்டஸி) வாசித்துப் பேசி வருகிறோம். அடுத்த வருடம் ஒரு ரசிகர் மாநாடு நடத்தலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. ஒரு நண்பர் மூன்று நாள், மூன்று அரங்கு, 500 பேர் என்று திட்டமே போட்டுவிட்டார். பெரிய எழுத்தாளர் ஒருவரைக் கூப்பிட்டால் கூட்டம் தானாக வரும் என்கிறார். இன்னொரு நண்பர் இது கையைக் கடிக்கும் என்கிறார். இருவரும் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒருங்கிணைப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். எனக்கு இதில் அனுபவம் கிடையாது. எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள வாசகருக்கு,

நான்கு வருடம் மாதம் தவறாமல் கூடுவது சாதாரண காரியம் இல்லை. தொடங்கிய வேகத்தில் ஆறு மாதம் கூடிவிட்டுக் கலைந்துபோன குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். அதனால் மாநாடு நடத்தலாமா என்ற கேள்விக்கு என் பதில், தாராளமாக நடத்துங்கள் என்பதுதான்.

எவ்வளவு பெரிதாக என்பதுதான் பேச வேண்டிய விஷயம். முதல் வருடம் ஒரே நாள். ஒரு கூடம், பக்கத்தில் ஒரு சின்ன அறை. 80 முதல் 100 பேர். இதை எப்படிச் சொல்கிறேன் என்றால், பல வருடங்களாக மாநாடுகளின் நிகழ்ச்சிப் பொறுப்பில் இருந்ததில் எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்திருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் ஒரு அமர்வையாவது முழுதாக உட்கார்ந்து கேட்க முடிகிறதா? முடிந்தால் மாநாட்டின் அளவு சரி. முடியவில்லை என்றால், கையில் இருக்கும் ஆட்களுக்கு அது பெரிது. நீங்கள் இந்த வேலையில் இறங்குவதே இந்தப் புத்தகங்கள் மேல் இருக்கும் ஆசையால்தான். அந்த நாளில் ஒரு நல்ல பேச்சைக்கூடக் கேட்காமல் சாவிக்கொத்தோடு ஓடிக்கொண்டே இருந்தீர்கள் என்றால், இரண்டாவது மாநாடு நடத்த உங்களுக்கு மனசு வராது. முதல் மாநாட்டோடு நின்றுபோன பல குழுக்களில் நடந்தது இதுதான்.

சிறியதாகத் தொடங்குவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. 1937 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் அறிவியல் புனைவு ரசிகர்கள் கூடியபோது வந்தவர்கள் சுமார் 20 பேர். உங்கள் குழுவைவிடச் சிறிய கூட்டம். 1939 ஜூலையில் நியூயார்க்கில் நடந்தது முதல் உலக அறிவியல் புனைவு மாநாடு, சுருக்கமாக வேர்ல்ட்கான். ‘உலக’ என்று பெயர் வைத்தார்கள், ஆனால் வந்தவர்கள் 200 பேர் அளவில்தான். இன்று அதே வேர்ல்ட்கான் ஐந்து நாள் நடக்கிறது, ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். ஆகவே உங்கள் நண்பரின் 500 என்ற கனவு தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அது நான்காவது, ஐந்தாவது வருடத்துக்கான கனவு.

அவருடைய திட்டத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று அரங்கு, மூன்று நாள், ஒரு அரங்கில் ஒரு நாளைக்கு ஏழு அமர்வு என்றால் மொத்தம் 63 அமர்வுகள். ஒரு அமர்வுக்கு நான்கு பேர் என்றால் 252 நாற்காலிகளை நிரப்ப வேண்டும். ஒருவரையே மூன்று அமர்வுகளில் உட்கார வைத்தாலும் 84 பேச்சாளர்கள் தேவை. ஒவ்வொருவருக்கும் அழைப்பு, நினைவூட்டல், நேரம் மாறினால் மறுபடி ஒரு தகவல், கடைசி வாரத்தில் ‘வர முடியவில்லை’ என்கிறவர்களுக்கு மாற்று ஆள். நுழைவுப் பதிவு, ஒலி அமைப்பு, புத்தக மேசைகள், சாப்பாடு எல்லாம் இதற்கு மேல். இத்தனையும் 22 பேர், அதுவும் வேலைக்குப் போய்விட்டு வந்து மிச்ச நேரத்தில் செய்ய வேண்டும். ஒரு நாள், ஒரு கூடம் என்றால் ஆறு அமர்வு, ஏறக்குறைய 20 பேச்சாளர்கள். அதை உங்களால் செய்ய முடியும், நன்றாகவே செய்ய முடியும்.

பணத்துக்கு வருகிறேன். ‘கையைக் கடிக்கும்’ என்கிற நண்பரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பயமாகவே வைத்திருந்தால் பிரயோஜனம் இல்லை, எண்ணாக மாற்ற வேண்டும். செலவை இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவு ஒரு பத்தி: கூட வாடகை, ஒலி அமைப்பு, விருந்தினரின் பயணம், தங்குமிடம். ஆளுக்கு ஆள் ஏறும் செலவு இன்னொரு பத்தி: சாப்பாடு, பேட்ஜ், அச்சிட்ட நிகழ்ச்சி நிரல். உதாரணத்துக்கு, கட்டணம் 10, ஒரு ஆளுக்கு ஆகும் செலவு 4 என்றால், ஒருவர் வந்தால் கையில் நிற்பது 6. மாறாத செலவு 600 என்றால் 100 பேர் வந்தால்தான் வரவும் செலவும் நேராகும். இப்போது உங்கள் 22 பேரையும் கேளுங்கள்: கட்டணம் கட்டி நிச்சயமாக வருபவர்கள் என்று யார் யாரைச் சொல்வீர்கள்? பெயராக எழுதச் சொல்லுங்கள். ‘கண்டிப்பா வரேன்’ என்று வாயால் சொன்னவர்களில் பாதியை அடித்துவிடுங்கள். மிஞ்சுவது 100-க்குக் கீழே என்றால் கூடத்தைச் சிறிதாக்குங்கள், இல்லையென்றால் விருந்தினரைப் பக்கத்திலேயே தேடுங்கள். கட்டணத்தை ஏற்றிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். முதலில் விலகிப்போவது மாணவர்கள்தான், அவர்கள் இல்லாமல் உங்களுக்கு அடுத்த பத்து வருடம் கிடையாது.

அனுபவசாலிகளுக்கும் இதில் அடி விழுந்திருக்கிறது. 1983-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்த வேர்ல்ட்கான் பெரிய கடனில் முடிந்தது. கூடத்துக்கான ஒப்பந்தத்தை வரி வரியாக வாசியுங்கள். நீங்கள் ரத்து செய்தால் என்ன என்பது அதில் கட்டாயம் இருக்கும். அவர்கள் ரத்து செய்தால் என்ன என்பது பெரும்பாலும் இருக்காது, கேட்டு எழுதி வாங்குங்கள். 2021-இல் வாஷிங்டன் நகரத்து வேர்ல்ட்கானுக்குப் பேசி வைத்திருந்த ஹோட்டலே மூடப்பட்டு, மாநாட்டை வேறு ஹோட்டலுக்கும் ஆகஸ்டிலிருந்து டிசம்பருக்கும் மாற்ற வேண்டியதாயிற்று.

இன்னொன்று. இந்த வகை மாநாடுகளில் டிக்கெட் என்று சொல்வதில்லை, உறுப்பினர் கட்டணம் என்றுதான் சொல்வார்கள். வெறும் சொல் வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். டிக்கெட் வாங்கியவர் வேடிக்கை பார்க்க வருகிறார். உறுப்பினர், ‘நாற்காலி எடுத்துப் போட ஆள் வேண்டும்’ என்றால் எழுந்து வருகிறார். நடத்துகிறவர்களும் சம்பளம் வாங்காமல், தங்கள் உறுப்பினர் கட்டணத்தையும் கட்டிவிட்டு உழைப்பதுதான் இந்த உலகத்தின் பழைய வழக்கம். நீங்கள் 22 பேரும் முதல் நாளே கட்டிவிடுங்கள். அந்தப் பணம் கூடத்துக்கு முன்பணமாகவும் ஆகும்.

அப்புறம், பெரிய எழுத்தாளர். இதில் எனக்குக் கொஞ்சம் அழுத்தமான அபிப்பிராயம் உண்டு. பெரிய பெயருக்காக வருகிற கூட்டம் அவர் பேச்சு முடிந்ததும், கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடும். பிற்பகல் இரண்டு மணிக்குப் பாதி நாற்காலி காலி. அதைவிட, நாள் முழுக்க உங்களோடு இருந்து, மற்றவர்கள் அமர்வுகளிலும் உட்கார்ந்து கேட்கிற ஒருவர் சிறப்பு விருந்தினராக வந்தால் மாநாட்டின் நிறமே மாறும். முதல் உலக மாநாட்டின் கௌரவ விருந்தினர் எழுத்தாளரே இல்லை. பத்திரிகை அட்டைகளுக்கு ஓவியம் வரைந்த பிராங்க் ஆர். பால். மொழிபெயர்ப்பாளர், ஓவியர், சிற்றிதழ் ஆசிரியர் என்று யோசித்துப் பாருங்கள்.

யாரைக் கூப்பிட்டாலும், அவரைக் கவனிக்க ஒரே ஒரு ஆளை நியமியுங்கள். நான் முதல் முறை ஒருங்கிணைத்த மாநாட்டில் விருந்தினர் ஒருவரை ரயில் நிலையத்திலிருந்து அழைத்துவரும் பொறுப்பை இரண்டு பேரிடம் கொடுத்திருந்தேன், ஒருவர் தவறினாலும் இன்னொருவர் இருப்பார் என்று. அவர் போயிருப்பார் என்று இவரும், இவர் போயிருப்பார் என்று அவரும் இருந்துவிட்டார்கள். அறுபது வயதைத் தாண்டிய அந்த அம்மா ஒரு பெட்டியும், ரசிகர்களுக்குக் கொடுக்கவென்று தானே சுமந்துவந்த புத்தகக் கட்டுமாக நடைமேடை பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய் நின்றபோது ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. ‘தண்ணீர் மட்டும் வாங்கிக் கொடுங்கள், பெட்டியை விட்டு நகர முடியவில்லை’ என்றார். அன்றிலிருந்து என் பட்டியலில் ஒரு வேலைக்கு எதிரே ஒரு பெயர்தான் இருக்கும்.

நிகழ்ச்சிக்கு வருவோம். புதியவர்கள் அமர்வின் தலைப்பை அகலமாக வைப்பார்கள். ‘மிகுபுனைவு: நேற்று, இன்று, நாளை’ என்று ஒரு தலைப்பு வைத்தால் நான்கு பேரும் ஆளுக்கு ஒரு சொற்பொழிவு தயாரித்துக்கொண்டு வருவார்கள். குறுகலான ஒரு கேள்வியாக வையுங்கள். ‘மந்திரத்துக்கு ஒரு விலை இருந்தே ஆக வேண்டுமா?’ ‘காலப்பயணக் கதையில் எந்த முரணை வாசகர் மன்னிப்பார், எதை மன்னிக்க மாட்டார்?’ ‘புதிதாக ஒரு மொழியை உருவாக்கினால் கதைக்குள் எவ்வளவு காட்டலாம்?’ இப்படிக் கேட்டால் மேடையில் இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் மறுத்துப் பேசத் தொடங்குவார்கள். கேட்க வந்தவர்களுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

மேடையில் நெறியாளரோடு சேர்த்து நான்கு பேருக்கு மேல் வேண்டாம். 50 நிமிட அமர்வில் ஐந்தாவது ஆளுக்கு வாய் திறக்க நேரம் இருக்காது. நிறையப் படித்தவரை நெறியாளராக்குவதைவிட, அடுத்தவரைப் பேசவைக்கத் தெரிந்தவரை ஆக்குங்கள். உங்கள் மாதக் கூட்டத்தில், பேசாமல் இருக்கிறவரைப் பார்த்து ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்கிறவர் ஒருவர் இருப்பார். அவர்தான் ஆள். ஒரு மாதம் முன்பே நான்கு பேரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, யார் எதைத் தொடப்போகிறார்கள் என்று பேசிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மைக் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். ‘எனக்கு மைக் வேண்டாம், என் குரலே கணீரென்று கேட்கும்’ என்று ஒருவர் எழுந்து நிற்பார். ‘கடைசி வரிசைக்குக் கேட்கிறதா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் கேட்காதவருக்கு அந்தக் கேள்வியே கேட்டிருக்காது. பேசுகிறவர் எல்லோரும் மைக்கில்தான் பேச வேண்டும், கேள்வி கேட்கிறவர் உட்பட. முன்வரிசையில் இரண்டு மூன்று இடங்களை, காது சரியாகக் கேட்காதவர்களுக்காகவும் உதடு பார்த்துப் புரிந்துகொள்பவர்களுக்காகவும் ஒதுக்கி வையுங்கள். சக்கர நாற்காலி நிற்கும் அளவுக்கு ஒரு வரிசையில் நாற்காலியை எடுத்துவிடுங்கள். வந்த பிறகு நகர்த்தித் தருகிறோம் என்பது அவரை எல்லோர் முன்னாலும் நிற்க வைப்பது.

இதைவிட முக்கியம் என்று நான் நினைப்பது இடைவேளைகளை. ஒரு அமர்வுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பத்து நிமிடம் போதாது, அரை மணி நேரம் விடுங்கள். நிகழ்ச்சி நிரலில் அது வெற்றிடம் மாதிரி தெரியும். இன்னொரு அமர்வை அதில் நுழைக்கலாமே என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். நுழைக்காதீர்கள். தான் நேசிக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேச வருடக்கணக்காக ஆள் கிடைக்காமல் இருந்தவர்கள்தான் உங்களிடம் வரப்போகிறார்கள். மேடைப் பேச்சை அவர்கள் பிறகு வீடியோவில்கூடப் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத ஒருவர், ‘நீங்களும் அந்த மூன்றாம் பாகத்தில் அழுதீர்களா?’ என்று கேட்பது வீடியோவில் கிடைக்காது. அந்தச் சின்ன அறையை இதற்குத்தான் கேட்டேன். அங்கே நிகழ்ச்சி எதுவும் வேண்டாம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, தண்ணீரும் டீயும் வைத்துவிடுங்கள். பிற்பகலில் ஒரு மணி நேரம் மட்டும் விருந்தினரோடு பத்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசலாம் என்று வைத்து, பெயர் எழுத ஒரு தாள் ஒட்டுங்கள். பத்து என்றால் பத்துதான், பதினைந்தாக விடாதீர்கள்.

தனியாக வருபவரை மனதில் வைத்து எல்லாவற்றையும் ஒருமுறை நடந்து பாருங்கள். அவர் வாசலில் நுழைகிறார். பதிவு மேசைக்குப் பின்னால் உங்கள் குழுவினர் நான்கு பேர் தங்களுக்குள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நான்கு வருடப் பழக்கம். அவர் பேட்ஜை வாங்கிக்கொண்டு சுவரோரம் போய் நின்று போனை எடுத்துப் பார்க்கத் தொடங்குகிறார். இப்படி நின்றவர் மதியமே கிளம்பிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். போகட்டும் என்று விட்ட பிறகு மனசு கேட்காமல் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் காலை முதல் ஒரு மணி நேரம், சுவரோரம் நிற்பவர்களிடம் போய்ப் பேசுவது மட்டுமே ஒருவரின் வேலையாக இருக்கட்டும். பேட்ஜில் பெயரைப் பெரிதாக, இரண்டு பக்கமும் அச்சிடுங்கள், கயிற்றில் தொங்குவது எப்படியும் திரும்பிக்கொள்ளும். பெயருக்குக் கீழே ‘இப்போது வாசிப்பது’ என்று ஒரு கோடு விட்டு, பேனா கொடுத்து அவர்களையே எழுதச் சொல்லுங்கள். பேச்சைத் தொடங்க அந்த ஒரு வரி போதும். பேட்ஜ்களைப் பதிவு எண் வரிசையில் அடுக்காதீர்கள், பெயரின் அகர வரிசையில் அடுக்குங்கள். வருகிறவருக்குத் தன் பெயர்தான் நினைவிருக்கும், எண் இருக்காது. நான் எண் வரிசையில் அடுக்கி, வாசலுக்கு வெளியே வரை வரிசை நின்றது.

நடத்தை விதிகளை எழுதாமல் வாசலைத் திறக்காதீர்கள். எழுதினால் மட்டும் போதாது, எழுதியதைச் செய்ய வேண்டும். அமெரிக்காவில் ரீடர்கான் என்று இலக்கியத்துக்கென்றே நடக்கும் மாநாடு உண்டு. தொல்லை கொடுத்தால் நிரந்தரத் தடை என்று விதி வைத்திருந்தார்கள். 2012-இல் ஒருவர் மேல் புகார் வந்தபோது நிர்வாகக் குழு இரண்டு வருடத் தடையோடு நிறுத்திக்கொண்டது. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். கடைசியில் அந்தக் குழு மொத்தமும் பதவி விலகியது, விதியில் சொன்ன தடை விதிக்கப்பட்டது. ஆகவே நீங்கள் நிறைவேற்றக்கூடியதை மட்டும் எழுதுங்கள். புகாரை யாரிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேரின் பெயரையும் போன் எண்ணையும் பேட்ஜின் பின்னாலேயே அச்சிடுங்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.

அதே சமயம், கருத்து வேறுபாட்டைத் தொல்லையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1939 மாநாட்டில் ரகளை செய்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஆறு பேரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ரசிகர் குழுக்களுக்குள் இருந்த பூசல்தான் காரணம். அந்த ஆறு பேரில் டொனால்ட் வோல்ஹைமும் பிரெடெரிக் போலும் இருந்தார்கள், பின்னாளில் இந்தத் துறையின் முக்கியமான பதிப்பாசிரியர்கள் ஆனவர்கள். உலகத்தின் முதல் பெரிய மாநாட்டைப் பற்றி யார் எழுதினாலும் இந்தச் சண்டையையும் சேர்த்தே எழுதுகிறார்கள்.

இதைச் சொல்லும்போது உங்கள் இரண்டு நண்பர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். இருவரும் உங்களுக்குத் தேவை. கனவு காண்கிறவரிடம் நிகழ்ச்சியைக் கொடுங்கள், பயப்படுகிறவரிடம் பணத்தைக் கொடுங்கள். ஒருங்கிணைப்பாளரான நீங்கள் பணத்தைத் தொடாதீர்கள். ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவு என்றால் பொருளாளரும் நீங்களும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எழுதி வையுங்கள். அப்போது ‘இதற்குப் பணம் இல்லை’ என்பது ஒருவர் இன்னொருவரை மட்டம்தட்டும் பேச்சாக இருக்காது, அவர் பொறுப்பின் வேலையாகிவிடும். அந்த 500 பேர் திட்டத்தைக் கிழித்துப் போடாமல் தேதியிட்டுப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். முதல் மாநாடு முடிந்து மூன்று வாரம் கழித்து எல்லோரும் உட்கார்ந்து அதை மறுபடி பார்க்கலாம்.

முந்தின வாரம் எல்லோருக்கும் ஒரு விதியைச் சொல்லிவிடுங்கள். ஆங்கிலம் பேசும் மாநாட்டு உலகில் 5-2-1 என்பார்கள்: ஒரு நாளைக்குக் குறைந்தது 5 மணி நேரத் தூக்கம், 2 வேளைச் சாப்பாடு, 1 குளியல். பங்கேற்பாளர்களுக்குச் சொன்னது அது. உழைக்கிறவர்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். கடைசி அமர்வை வந்தவர்கள் குறை சொல்வதற்கென்றே வையுங்கள். நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், விளக்கம் கொடுக்க வேண்டாம். ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தால் போதும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும் என்பதையும், ‘இந்த வேலையை மட்டும் என்னிடம் தராதீர்கள்’ என்ற ஒன்றையும் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாள்களைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் கூடம் தேடக் கிளம்ப வேண்டும். நிகழ்ச்சி நிரல் தயாரானதும், நீங்கள் கேட்க ஆசைப்படும் ஒரு அமர்வுக்கு எதிரே உங்கள் பெயரை எழுதிவிடுங்கள், பார்வையாளர் என்று. அந்த 50 நிமிடமும் உங்கள் போனும் சாவிக்கொத்தும் யார் கையில் இருக்கும் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.